மறு: ‘ஃபோக் எட்டிமாலஜி’க்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

> ‘நாட்டுப்புறச் சொற்பிறப்பியல்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. பொருள் புரிகிறதல்லவா?

புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது. ‘இயல்’ என்றால் ஒரு துறை. நாம் பெயர் தேடுவது ஒரு பழக்கத்துக்கு: சொல்லின் வேர் மறந்துபோனதும், காதுக்கு இணக்கமான வேறொரு வேரை நாமே கட்டிவிடுவது. அப்புறம் ‘நாட்டுப்புறம்’ எதற்கு? இந்த வேலையில் பட்டணத்துப் பண்டிதர்களும் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

> அப்படியானால் ‘போலிச் சொற்பிறப்பு’?

அந்த இடத்தில் இலக்கணக்காரர்கள் எப்போதோ துண்டு போட்டுவிட்டார்கள். போலி என்றதும் எழுத்து மாறியும் பொருள் மாறாத பந்தல்–பந்தர்தான் நினைவுக்கு வரும். அங்கே பொய் எதுவும் இல்லையே.

என் பரிந்துரை: புனைவேர். புனைபெயர், புனைகதை வரிசையில் ஒரு வினைத்தொகை. சின்னச் சொல், வேற்றுமை உருபும் சிரமமில்லாமல் ஏறும்.

பொருத்திப் பார்ப்போம். ‘கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை’ என்பதை ‘கழு தைக்கத் தெரியுமாம் கற்பூர வாசனை’ என்று பிரித்து, கழு என்பது ஒரு கோரை, அதில் பாய் தைத்தால் கற்பூரம் மணக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அது புனைவேர். ‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்பதில் பேரை வேராக்கியதும் அதே சாதி (இங்கே நிஜமாகவே வேரைப் புனைந்திருக்கிறார்கள்!). ‘போக்கத்தவன் போலீஸ்’ என்பதும் ‘போக்கு கற்றவன்’ ஆகிவிட்டது. ஒன்று கவனித்தீர்களா? மூன்றிலும் வசவு வாங்கியவருக்கு மரியாதை திரும்பக் கிடைக்கிறது. பழமொழி என்றால் யாரையும் திட்டியிருக்காது என்ற நம்பிக்கைதான் இந்த வேர்களுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றுகிறது. ‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’ (சொல்லுக்கு அந்தப் பொருள் வந்த காரணம் பளிச்சென்று தெரியாது) என்று தொல்காப்பியர் சொன்னதைக் கேட்டுப் பொறுமையாக இருக்க நமக்கு எங்கே முடிகிறது!

ஆனால் ஒரு சிக்கல். மொழியறிஞர் ஃபோர்ஸ்டெமன் 1852இல் ஜெர்மனில் இதற்குப் பெயர் வைத்து எழுதியபோது, கதையைவிடச் சொல்லின் உருவம் மாறுவதைத்தான் முக்கியமாகப் பார்த்தார். ஸ்பானிய ‘குக்கராச்சா’ ஆங்கிலேயர் வாயில் ‘காக்ரோச்’ ஆனது அந்த வகை. ‘காக்’ என்றால் சேவல், ‘ரோச்’ ஒரு மீன். இரண்டுக்கும் கரப்பான்பூச்சிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மணமகனைக் குறிக்கும் ‘பிரைட்குரூம்’ என்பதும் முன்பு ‘குமா’ என்றுதான் முடிந்தது. ஆள் என்று பொருள். அந்தச் சொல் வழக்கொழிந்ததும் பக்கத்தில் கிடந்த ‘குரூம்’ வந்து உட்கார்ந்துகொண்டது. இதை வெறும் புனைவேர் என்றால் போதாது, சொல்லே மாறியிருக்கிறது. புனைவேர்த் திரிபு என்று தனியாக வைக்கலாம். மரூஉ என்று சொல்லிவிட முடியாது. மரூஉவில் சொல் தேய்கிறது, இங்கே புதுப் பொருள் ஏறுகிறது.

இனி ‘காக்காய் பிடித்தல்’. ‘கால் கை பிடித்தல்’ என்பதுதான் அப்படி ஆனது என்கிறார்கள். பழைய எழுத்தில் ‘கால் கை பிடித்தல்’ இதே பொருளில் முந்தி வந்திருந்தால் இது புனைவேர்த் திரிபு. வராவிட்டால், காக்காயைப் பார்த்து யாரோ பிற்பாடு கட்டிய வெறும் புனைவேர். பழைய அச்சுப் பிரதிகளைப் புரட்டுகிறவர்கள் கண்ணில் பட்டால் இந்த இழையிலேயே போடுங்கள். அதுவரை சொல் பட்டியலில் இதை எடுத்துக்காட்டாகச் சேர்க்க வேண்டாம்.