ஏந்திறகா, நீர்ச்சிறகா? பந்தயப் படகின் ஃபாயிலுக்கு ஒரு தமிழ்ச்சொல்

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

மாத் என்னும் சிறு பாய்மரப் படகில் பந்தயம் ஓடும் வீரர்களின் வாழ்க்கையைப் பற்றிய நெடுங்கட்டுரை ஒன்றை, பள்ளி மாணவர்களுக்கான விளையாட்டுச் சிறப்பிதழுக்காகத் தமிழாக்கம் செய்து வருகிறேன். வெள்ளிக்கிழமை பக்கங்கள் அச்சுக்குப் போகின்றன. ஃபாயில் என்ற ஒரே சொல் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறது. அது பெயராகவும் வருகிறது, வினையாகவும் வருகிறது, ஏறத்தாழ எல்லாப் பத்தியிலும் வருகிறது.

படகைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். படகின் நீளம் 3.355 மீட்டர். இருபக்கமும் விரிந்திருக்கும், ஓட்டுபவர் அமரும் வலைத்தளங்களையும் சேர்த்து அகலம் 2.25 மீட்டர். பாய் சுமார் 8 சதுர மீட்டர். ஓட்டுபவர் ஒருவரே. படகின் நடுவே நீருக்குள் இறங்கும் நடுப்பலகையின் அடிநுனியிலும் சுக்கானின் அடிநுனியிலும் குறுக்காக ஒரு மெல்லிய கரியிழைத் தகடு பொருத்தப்பட்டிருக்கும். வேகம் கூடியதும் அந்தத் தகடுகள் படகின் உடலை நீரிலிருந்து முழுவதுமாக மேலே தூக்கிவிடுகின்றன. அதன்பின் நீருக்குள் இருப்பவை அந்த இரண்டு தகடுகளும் அவற்றைத் தாங்கும் தண்டுகளும் மட்டுமே. நல்ல காற்றில் படகு 30 நாட் வேகத்தை, அதாவது மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டரை, எட்டிவிடுகிறது.

வீரரின் நாள் எப்படித் தொடங்குகிறது என்று கட்டுரை விரிவாகச் சொல்கிறது. காற்று முன்னறிவிப்பைப் பார்த்து, மென்காற்றுக்குப் பெரிய தகடு, வன்காற்றுக்குச் சிறிய தகடு என்று தேர்ந்தெடுக்கிறார். நுண்ணிய உப்புத்தாளை நீரில் நனைத்து, விரல் நுனிக்குக்கூடத் தட்டுப்படாத கீறலையும் தேய்த்து எடுக்கிறார். தகடு ஆழத்தில் தொங்குவதால் கரையோரத்தில் படகை நிமிர்த்தி வைக்க முடியாது. அதைச் சாய்த்தபடியே தூக்கிக்கொண்டு மார்பளவு நீர்வரை நடந்து போய், அங்கே நிமிர்த்தி ஏறுகிறார். இத்தாலியின் கார்தா ஏரியில் காலையில் வடக்கிலிருந்து பெலேர் காற்றும், பிற்பகலில் தெற்கிலிருந்து ஓரா காற்றும் வீசும். அங்கே பயிற்சி செய்பவரின் உணவும் உறக்கமும் அந்த இரண்டு காற்றுகளுக்கு ஏற்பவே அமைகின்றன. இவ்வளவும் தமிழில் தடையின்றி வருகிறது. ‘தகடு’ என்று நான் எழுதியிருக்கும் இடத்தில் மட்டும் உரிய சொல் இல்லை.

‘நீர்ச்சிறகு’ என்று எழுதலாமா? வினைக்கு என்ன செய்வது? உங்கள் கருத்தை வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

‘நீர்ச்சிறகு’ நல்ல சொல். நீரில் இயங்கும் சிறகு என்று விரிவதால், உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ‘யரழ முன்னர்’ என்று தொடங்கும் நன்னூல் நூற்பாவின்படி இங்கே வல்லினம் மிகும். அச்சகத்தார் ஒற்றை விழுங்கி ‘நீர்சிறகு’ என்று போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘ஃபாயில்’ என்றே எழுதலாம் என்று யாராவது சொல்வதற்கு முன் நானே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் மாணவர்களுக்கு அந்தச் சொல் பிரியாணிப் பொட்டலத்தைச் சுற்றிவரும் வெள்ளித்தாளைத்தான் நினைவூட்டும். வாள்வீச்சில் ஒருவகை வாளுக்கும் அதே பெயர். விளையாட்டுச் சிறப்பிதழில் இந்தக் குழப்பம் வேண்டாம். ‘நளியிரு முந்நீர் நாவாய் ஓட்டி, வளிதொழில் ஆண்ட உரவோன் மருக’ என்று கரிகாலனை வெண்ணிக்குயத்தியார் பாடிய மொழியில், காற்றை ஆளும் ஒரு கருவிக்குச் சொல் கிடைக்காமல் போகாது.

கடல்சார் பொறியியல் கற்பிப்பவர் எழுதியது:

ஐயா அவர்களின் இலக்கணத்தை ஏற்கிறேன். சொல்லை ஏற்பதில் எனக்குச் சில தடைகள் உள்ளன.

முதலாவது, மாத் ஓட்டுபவர்கள் ‘சிறகுகள்’ என்று ஏற்கெனவே வேறொன்றைச் சொல்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் ‘வலைத்தளங்கள்’ என்று எழுதியிருக்கிறாரே, வீரர் அமர்ந்து வெளியே சாயும் அந்தப் பக்க விரிவுகளுக்கு அவர்கள் இட்ட பெயரே சிறகு. நீங்கள் நீருக்குள் இருப்பதைச் சிறகு என்றால், ‘வீரர் சிறகின் விளிம்புக்கு நகர்ந்தார்’ என்ற வரியைப் படிக்கும் மாணவர் அவரை நீருக்கடியில் தேடுவார்.

இரண்டாவது தடை பெரியது. தூக்கும் தகடுகள் வருவதற்குப் பல காலம் முன்பிருந்தே, சிறுபடகுக்காரர்கள் நடுப்பலகையையும் சுக்கானையும் சேர்த்து ஃபாயில் என்றே அழைத்து வந்திருக்கிறார்கள். நீர், காற்று போன்ற பாய்மத்தைப் பிளந்து சென்று, அதன் குறுக்குத் திசையில் விசை பெறும் வடிவம் எதுவானாலும் அதற்கு அந்தப் பெயர் பொருந்தும். விமானத்தின் இறக்கையும் அவ்வினமே, நடுப்பலகையும் அவ்வினமே. ஆகவே நமக்கு இரண்டு சொற்கள் தேவை. ஒன்று, இந்த வடிவ இனம் முழுமைக்கும் பொதுச்சொல். மற்றொன்று, படகை மேலே தூக்கும் அந்தக் குறிப்பிட்ட உறுப்புக்கான சொல். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் கட்டுரையின் வரலாற்றுப் பகுதி குழம்பிவிடும்.

அந்த வரலாற்றைப் பாருங்கள். மாத் படகு 1928ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் இன்வர்லாக்கில் லென் மாரிஸ் கட்டிய படகிலிருந்து வளர்ந்தது. அதில் நடுப்பலகையும் சுக்கானும் இருந்தன; தூக்கும் தகடு கிடையாது. பெர்த்தில் நடந்த 2001 உலகப் போட்டியில் பிரெட் பர்வில் பக்கவாட்டில் சாய்ந்து இறங்கும் தகடுகளோடு வந்து பந்தயம் வென்றார். அதன்பின் பெர்த்தின் இலெட் சகோதரர்கள் தகட்டை நடுப்பலகையின் அடியிலும் சுக்கானின் அடியிலும் பொருத்தும் முறையைச் செம்மைப்படுத்தினார்கள். 2005இல் ரோஹன் வீல் அம்முறையில் உலகப் பட்டம் வென்றதும் பழைய படகுகளின் காலம் முடிந்தது. 1928இன் ‘ஃபாயிலும்’ 2005இன் ‘ஃபாயிலும்’ ஒன்றல்ல என்பதைத் தமிழ் காட்டியாக வேண்டும்.

என் பரிந்துரை, இனத்துக்கு ‘விசையிதழ்’, தூக்கும் உறுப்புக்கு ‘ஏந்திதழ்’. தூக்குவதே அதன் தொழில் என்பதால் ‘ஏந்து’ என்ற வினை சொல்லுக்குள் இருக்க வேண்டும். நீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தி மிக்கது. அதனால்தான் சுமார் ஒரு மீட்டர் நீளமே உள்ள ஒரு தகடு ஆளையும் படகையும் ஏந்த முடிகிறது. தூக்கு விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. கட்டுப்படுத்தாவிட்டால் தகடு நீர்ப்பரப்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும்; வந்த நொடியில் விசை அற்றுப்போய்ப் படகு குப்புற விழும். இதைத் தடுக்கவே படகின் முன்முனையான அணியத்தில் ஒரு கோல் தொங்குகிறது. படகு தாழ்ந்தால் நீர் அதைப் பின்னுக்குத் தள்ளும், தகட்டின் பின்மடிப்பு கீழிறங்கி விசை கூடும். படகு உயர்ந்தால் கோல் கீழே தொங்கும், மடிப்பு மேலேறி விசை குறையும். அந்தக் கோலுக்கு ‘உணர்கோல்’ என்று நான் வகுப்பில் சொல்லி வருகிறேன்.

நாகைப் பகுதியில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் உறுப்பினர் எழுதியது:

ஐயா, ‘விசையிதழ்’, ‘ஏந்திதழ்’ இரண்டையும் என் மாணவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். இரண்டுமே வார இதழின் பெயரா என்று கேட்டார்கள். மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் அவர்கள். கடலைப் பற்றிய சொல் அவர்கள் வாயில் நிற்காவிட்டால் வேறெங்கே நிற்கும்?

பாய் விரித்து ஓடும் கட்டுமரத்தில், காற்று பக்கவாட்டில் தள்ளிவிடாமலிருக்க ஒரு பலகையை நீருக்குள் இறக்குவது எங்கள் பெரியவர்களுக்குப் பழகிய வேலை. பொறியியல் ஐயா சொல்லும் பொது இனத்தில் அதுவும் சேரும். அதை யாரும் இதழ் என்றதில்லை, பலகை என்றார்கள். ஆகவே இனத்துக்குப் ‘பலகை’ போதும். தூக்குவதற்கு வேண்டுமானால் ‘பறவைக்கோலா’ என்ற மீனை நினைத்துப் பாருங்கள். நீரை விட்டு எழும்பி நெடுந்தூரம் பறக்கும் மீன் அது. ‘கோலாச் சிறகு’ என்றால் எங்கள் கடற்கரையில் ஒரு குழந்தைக்கும் விளக்கம் தேவைப்படாது.

பொறியியல் ஆசிரியர் எழுதியது:

அம்மா, பிள்ளைகள் சொன்னதை மறுக்க எனக்கு வழியில்லை, ‘இதழ்’ போகட்டும். ஆனால் பறவைக்கோலா தன் துடுப்பைக் காற்றில் விரித்து மிதக்கிறது. மாத் படகின் தகடு நீருக்குள் இருக்கும்வரைதான் வேலை செய்யும். உவமை நேர் எதிரான பாடத்தைக் கற்பித்துவிடும். ‘பறக்கும் படகு’ என்று நாளிதழ்கள் எழுதுவதையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்க வேண்டும். நீரில் இறங்கும் ஒருவகை விமானத்துக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே உண்டு.

சொற்பிறப்பு ஆய்வில் ஈடுபாடுள்ள உறுப்பினர் எழுதியது:

சிறகு, இறகு என்ற இரண்டையும் ஒரே பொருளாகக் கருதி இங்கே பேசுகிறார்கள். வேறுபாடு உண்டு என்பது என் நெடுநாள் கருத்து. மலையாளத்தில் சிறகு. தெலுங்கில் ரெக்க, கன்னடத்தில் ரெக்கெ, பழங்கன்னடத்தில் எறகெ. ஆகவே இறகு, இறக்கை என்ற வடிவங்கள் தென்னகம் முழுவதும் பரந்த ஒரு வேருக்கு உரியவை. தமிழில் ‘இறை’ என்பது கூரையின் தாழ்ந்த விளிம்பையும் குறிக்கும். இறவாரம் என்பதும் அவ்வழி வந்ததே. உடலிலிருந்து வெளியே நீண்டு, சற்றே சரிந்து, தன்னைவிடப் பெரிய ஒன்றைக் காக்கும் அல்லது தாங்கும் உறுப்பு என்ற கருத்து இறகுக்கும் இறைக்கும் பொதுவாக இருப்பதாகக் கொள்கிறேன். மாத் படகின் தகடும் நடுவிலிருந்து இருபக்கமும் நீண்டு தாங்குவதுதான். எனவே சிறகை அந்தப் பக்க விரிவுகளுக்கே விட்டுவிட்டு, நீருக்குள் இருப்பதற்கு இறகு என்று கொள்ளலாம். ஏந்து, இறகு இரண்டும் சேர்ந்தால் ‘ஏந்திறகு’. குற்றியலுகரம் கெட்டு உயிர் ஏறும். ஒற்று மிகுமா என்ற சிக்கலே எழாது. வினைத்தொகையாதலால் ஏந்திய, ஏந்துகின்ற, ஏந்தும் என்று முக்காலமும் அதில் அடங்கும்.

‘டிங்கி’ என்ற சொல்லையும் கட்டுரையிலிருந்து நீக்க வேண்டும் என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டிருந்தார். அது வங்கத்திலும் இந்தியிலும் வழங்கும் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது; நம் கட்டுமரமும் அவ்வாறே போய் உலகச் சொல்லாயிற்று. 2013, 2017 அமெரிக்கக் கோப்பைப் போட்டிகளில் இதே வகைத் தகடுகளின் மேல் ஓடிய இரட்டை உடல் படகுகளை உலகம் நம் சொல்லாலேயே அழைத்தது. கடற்சொற்கள் கலங்களோடு பயணம் செய்பவை என்பதால், டிங்கி இருப்பதில் எனக்கு மறுப்பில்லை.

யாழ்ப்பாணத்து உறுப்பினர் எழுதியது:

பெயர்ச்சொல்லில் எல்லோரும் நின்றுவிட்டீர்கள். திருப்பும்போதுகூடப் படகு நீரைத் தொடாமல் ஓடுவதே பந்தயத்தில் வெற்றியைத் தீர்மானிக்கிறது; அந்த வினைக்குச் சொல் எங்கே? ‘ஏந்திறகில் ஓடுதல்’ என்று ஒவ்வொரு முறையும் எழுத முடியாது. ‘எழுந்தோடுதல்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘எழுந்தோட்டத் திருப்பம்’ என்று தொடர்களும் அதிலிருந்து பிறக்கும்.

தமிழாசிரியர் எழுதியது:

‘எழுந்தோடு’ மிகப் பொருத்தம். ஏந்திறகை நான் எதிர்க்கவில்லை. நீர்ச்சிறகின் தெளிவு அதில் இல்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். நீர் என்ற சொல் இல்லாவிட்டால், முதன்முறை படிப்பவர் அந்த உறுப்பு எங்கே இருக்கிறது என்று எப்படி அறிவார்? கலைச்சொல் தன்னைத்தானே விளக்க வேண்டும்.

பொறியியல் ஆசிரியர் எழுதியது:

ஐயா, எந்தக் கலைச்சொல்லும் தன்னை முழுமையாக விளக்காது. விளக்குவது வரைபடத்தின் வேலை. நீர் இருந்தே தீர வேண்டுமானால் ‘நீரேந்திறகு’ என்று முதலிடத்தில் ஒருமுறை எழுதிவிட்டு, பின்னர் ஏந்திறகு என்று சுருக்கிக்கொள்ளலாம்.

கட்டுரையில் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. வேகத்தில் மேற்பரப்புக் காற்று தண்டின் வழியே கீழிறங்கித் தகட்டைச் சூழ்ந்து விசையைக் கெடுப்பது ஒன்று. தகட்டின் மேல் அழுத்தம் மிகவும் தாழ்ந்து நீரே ஆவிக் குமிழாகிவிடுவது மற்றொன்று. இரண்டிலும் வீரர் விழுவது ஒன்றே என்றாலும் காரணங்கள் வேறு. முதலாவதைக் ‘காற்றிறக்கம்’ என்றும் இரண்டாவதை ‘ஆவிக்குமிழ்வு’ என்றும் பிரித்து எழுதுங்கள். இரண்டுக்கும் குமிழ் என்று போட்டுவிடாதீர்கள்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பெரும்பான்மையோர் ஏந்திறகை ஏற்றிருப்பதாகக் கொண்டு, முதலிடத்தில் ‘நீரேந்திறகு’ என்றும் மற்ற இடங்களில் ‘ஏந்திறகு’ என்றும் மாற்றிவிட்டேன். வினை ‘எழுந்தோடு’. பக்க விரிவுகள் ‘பக்கத்தளம்’ ஆயின. சிறகு என்ற சொல்லே கட்டுரையில் இப்போது இல்லை. நடுப்பலகையையும் சுக்கானையும் சேர்த்துச் சொல்லும் இடங்களில் நாகை அம்மா சொன்னபடி ‘பலகைகள்’ என்று எழுதியிருக்கிறேன். மாத் என்ற பெயரை விட்டில் என்று பெயர்க்கச் சொன்னவர்கள் பொறுத்தருள வேண்டும். வகுப்பின் பெயர் சிறப்புப் பெயர் ஆகையால் அப்படியே விட்டேன்.

மாற்றியபின் ஒரு பத்தியைப் பாருங்கள்: ‘பெய்ஜிங் ஒலிம்பிக்கில் லேசர் வகைப் படகில் தங்கம் வென்ற பால் குடிசன், பின்னர் மாத் படகுக்கு வந்து 2016, 2017, 2018 என்று தொடர்ந்து மூன்று உலகப் பட்டங்களை வென்றார். எழுந்தோடும் படகில், உடலைக் காற்று வரும் பக்கமாகச் சாய்த்து, படகையும் அதே பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அப்போது ஏந்திறகின் விசையில் ஒரு பகுதி படகைக் காற்றை நோக்கி இழுக்கிறது.’ இதில் எங்காவது இடறுகிறதா?

நாகை ஆசிரியை எழுதியது:

இடறவில்லை. ஆனாலும் ‘ஏந்திறகு’ என்பதை என் மாணவர் ஒருவர் உரக்கப் படித்தபோது ‘ஏந்தி’ என்று நிறுத்தி, பிறகு ‘றகு’ என்றார். றகரம் சொல்லின் முதலில் வராது என்று அவருக்குத் தெரியும். அதனாலேயே திகைத்து நின்றார். ஒற்று மிகாமல் ‘ஏந்துசிறகு’ என்று எழுதினால் இந்தத் திகைப்பு இராது. வெள்ளிக்கிழமைக்குள் முடியாவிட்டால், அடுத்த பதிப்பிலாவது இதைக் கவனியுங்கள்.

சொற்பிறப்பு ஆய்வாளர் எழுதியது:

இறகை விட்டுச் சிறகுக்குத் திரும்புவதை நான் ஏற்கவில்லை. காரணங்களை ஞாயிறன்று விரிவாக எழுதுகிறேன்.