பஸ்ஸிலும் வீதியிலும் சேட்டை: திருகோணமலைப் பெண்களே, நீங்கள் என்ன செய்தீர்கள்?

உவர்மலை அக்கா:
கிண்ணியா பஸ்ஸில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். மாலையில் ரியூஷன் பிள்ளைகளும் ஏறிவிட்டால் கால் வைக்க இடமிராது. அந்த நெரிசலை நம்பியே ஏறுகிற சிலர் இருக்கிறார்கள். போன மாதம் சீனக்குடா தாண்டும்போது பின்னால் நின்றவர், பிரேக் போடாத இடத்திலும் வந்து வந்து இடித்தார். முறைப்பதெல்லாம் இவர்களிடம் எடுபடாது. "அண்ணா, இந்த நீலக் கோடு போட்ட சேட்டுக்காரர் என்னில கை போடுறார், இவரை முன்னுக்கு எடுங்கோ" என்று கொண்டக்டரைக் கூப்பிட்டேன். "யாரோ" என்றால் ஒருவரும் திரும்பமாட்டார்கள். சேட்டின் நிறத்தைச் சொன்னதும் பஸ்ஸே அந்தச் சேட்டுக்காரரைத் தேடியது. கொண்டக்டர் முணுமுணுத்தபடிதான் வந்தார், ஆனால் வந்தார். தூரத்துக்கு ரிக்கற் எடுத்த அந்த மனிதர் அடுத்த தரிப்பிலேயே இறங்கிவிட்டார்!

ரியூஷன் பிள்ளை:
எனக்கு வாய் வராது அக்கா, தொண்டை அடைத்துவிடும். அப்படி விறைத்துப்போய் நின்றபோது, அபாயா போட்ட ஒரு அம்மா, முன்பின் தெரியாதவர், "என்ன மகள், என்னைத் தெரியலயா? இஞ்ச வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தார். என் புத்தகப் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, இறங்கும்வரை சோதனை எப்போது, என்ன பாடம் என்றே கேட்டுக்கொண்டிருந்தார். நடந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. இப்போது சின்னப் பிள்ளைகள் யாராவது நெளிந்தால் நானும் அதையே செய்கிறேன். அதற்கு எனக்கு வாய் வருகிறது.

ஸ்கூட்டிக்காரி:
டச்சுக்குடாக் கரையோரம் நடக்கும்போது மோட்டார் சைக்கிளில் ஊர்ந்து வந்து பாட்டுப் படிப்பவர்களுக்கு என் மருந்து: நின்று, ஃபோனைக் கையில் எடுத்து, இலக்கத்தகட்டை எழுத்தெழுத்தாக உரத்து வாசிப்பது. படம் எடுக்கிறேனா இல்லையா என்று அவர்களுக்குத் தெரியாதே. மாலை வேளையில், குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் இது. ஆளரவம் இல்லாத வீதியில் வீரம் வேண்டாம், வெளிச்சமுள்ள ஏதாவது கடைக்குள் நுழைந்துவிடுங்கள். குத்துவதற்குச் சட்டை ஊசி கொண்டுபோகச் சொல்கிறவர்களுக்கு: நெரிசலில் அது பாவப்பட்ட இன்னொருவருக்குத்தான் குத்தும்.

சட்டம் படிப்பவள்:
தொட்டால்தான் குற்றம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் (1995இல் திருத்தியது) பாலியல் ரீதியான சொற்களும் செயல்களும் அடங்கும். 5 வருடம் வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். ஆனால் ஐ.நா. சனத்தொகை நிதியம் 2017இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள்: பஸ், ரயிலில் தொல்லைப்பட்ட பெண்கள் 90 வீதம், பொலிஸ் உதவியை நாடியவர்கள் 4 வீதம்.

ஏன் என்று எனக்குத் தெரியும். தோழியோடு முறைப்பாடு கொடுக்கப் போன இடத்தில் சிங்களத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். "தமிழில எழுதுங்கோ, வாசிச்சுப் பார்த்துத்தான் போடுவம்" என்று இருந்துவிட்டோம். தமிழும் அரச கரும மொழிதான், கேட்க வெட்கப்பட வேண்டாம். தமிழ் தெரிந்த அலுவலர் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது, உண்மைதான். பஸ் இலக்கம், நேரம், இடம் மூன்றையும் உடனே ஃபோனில் குறித்து வைத்திருந்தது பெரிய உதவி. அவசரத்துக்கு 119, ஆலோசனைக்குப் பெண்கள் உதவி இலக்கம் 1938.

அலஸ்தோட்டத்துத் தம்பி:
அக்காமார், நாங்கள் பெடியன்கள் கண்டால் என்ன செய்வது? நாலு போட்டால் சரிவராதா?

உவர்மலை அக்கா:
வராது தம்பி. கை வைத்தால் அது உங்கள் சண்டையாகிவிடும், பிறகு பொலிஸில் நிற்பது நீங்கள். இடையில் போய் நில்லுங்கள், "தங்கச்சி, இதில இருங்கோ" என்று சீற்றைக் கொடுங்கள். இறங்கின பிறகு, "முறைப்பாடு குடுக்கப் போறீங்களெண்டா நான் சாட்சிக்கு வாறன்" என்று சொல்லி உங்கள் நம்பரைக் கொடுங்கள். அந்தப் பிள்ளையின் நம்பரைக் கேட்காதீர்கள்.