வியட்நாமில் முதல் இரண்டு மூன்று நாள் எப்படி இருக்கும்? நாகர்கோவிலிலிருந்து தனியாகப் போகிறேன்

வடசேரி_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். நவம்பரில் பதினாறு நாள் வியட்நாம் போகிறேன், தனியாக, முதுகில் ஒரு பை மட்டும். இதுவரை நான் தாண்டிய ஒரே எல்லை களியக்காவிளை, அதற்கு பாஸ்போர்ட் கேட்கவில்லை. ஈ-விசா வந்துவிட்டது, கொச்சியிலிருந்து ஹோ சி மின் நகருக்கு டிக்கெட்டும் போட்டாச்சு. எங்கே போகணும், எதைப் பார்க்கணும் என்று யூடியூபில் ஆயிரம் பேர் சொல்கிறார்கள், அது வேண்டாம். இறங்கின முதல் இரண்டு மூன்று நாளில் உங்களைத் தூக்கிவாரிப் போட்டது எது, அதைச் சொல்லுங்கள். அம்மா "அங்கே பாம்பைத் திம்பாங்களாமே" என்பதிலேயே நிற்கிறாள். எனக்கு அதைவிட, பேச்சு புரியாமல் ஒரு மூலையில் முழித்துக்கொண்டு நிற்பேனோ என்றுதான் பயம். மீன் சாப்பிடுவேன், மாட்டுக்கறி மட்டும் வேண்டாம்.

குளச்சல்காரன்:
மக்கா, பாம்பெல்லாம் தேடிப் போனால்தான் கிடைக்கும், அம்மாவிடம் சொல்லிவிடு. எனக்கு முதல் அடி ரோட்டில்தான். செட்டிகுளம் ஜங்ஷனைக் கடந்தவனுக்கு எந்த ரோடும் பெரிசில்லை என்ற திமிரோடு போனேன், தங்கின இடத்து வாசலிலேயே கால் மணி நேரம் நின்றேன். பைக், பைக், பைக், நடுவில் ஒரு இடைவெளி கிடையாது. போதாக்குறைக்கு அங்கே வண்டி வலப்பக்கம் ஓடும். நாம் பழக்கத்தில் வலது பக்கம் பார்த்துவிட்டுக் காலை வைப்போம், வண்டி இடது பக்கமிருந்து வந்து நிற்கும். கடைசியில் காய்கறிப் பையோடு வந்த ஒரு பாட்டி என் முழங்கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டாள். ஒரு இடத்திலும் அவள் நிற்கவும் இல்லை, ஓடவும் இல்லை. பைக்காரன் உன் நடையைக் கணக்குப் போட்டு ஒதுங்கிப் போவான், நீ பாதியில் பயந்து பின்னால் குதித்தால்தான் அவன் கணக்கு தப்பும். ஆனால் பஸ்சும் காரும் ஒதுங்காது, அதற்கு நீதான் நிற்க வேண்டும்.

அப்புறம் காசு. ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டாங், அதனால் முதல் நாளே நீ லட்சாதிபதி. 20,000 நோட்டும் 5,00,000 நோட்டும் இரண்டுமே நீலச் சாயல், இரண்டிலும் ஹோ சி மின் முகம். இளநீர்க்காரிக்கு இருபதாயிரம் என்று நினைத்து ஐந்து லட்சத்தை நீட்டினேன், அவள் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தாள். முந்தின நாள் ராத்திரி ஒரு டாக்ஸியிலும் இதே தப்பைச் செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அவன் சிரிக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. பெரிய நோட்டைத் தனியாக வைத்துக்கொள், வண்டிக்கு கிராப் செயலி போதும்.

மீன் வாசத்துக்கெல்லாம் நான் அசைய மாட்டேன் என்றுதான் நினைத்தேன், பிறந்ததே கடற்கரையில். அங்கே நுவோக் மாம் என்று ஒரு மீன் சாறு உண்டு. நெத்தலியையும் உப்பையும் பீப்பாயில் போட்டு மாதக்கணக்கில் ஊறவைத்து வடிப்பது. நம்ம நெத்தலி சின்னக் கிண்ணத்தில் தண்ணியாக, சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்ந்து இனிப்பாக வந்தபோது முதல் வாய் உள்ளே இறங்கவில்லை. தெரியாத மீனென்றால் சமாளித்திருப்பேன், தெரிந்தது வேஷம் மாறி வந்ததில்தான் குழம்பிப் போனேன். மூன்றாம் நாள் கேட்டு வாங்கி ஊற்றினேன் என்பது வேறு கதை.

குலசேகரம்_ரப்பர்:
நான் புதுசாக எதையாவது பார்க்கணும் என்றே போனவன். ஹோ சி மின் நகருக்குப் பக்கத்தில், அமெரிக்காவோடு நடந்த போரில் கெரில்லாக்கள் பதுங்கியிருந்த கூ சி சுரங்கத்துக்குப் போகிற வழியில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் ரப்பர் தோட்டம், வரிவரியாக, கீரிப்பாறையில் பஸ் போகிற மாதிரியே. இதற்கா இத்தனை காசு என்று இருந்தது. சுரங்கத்தில் முதுகு உரச ஊர்ந்து வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தால் ஒரு தட்டில் வேகவைத்த கிழங்கு வைக்கிறார்கள், போர்க்காலத்தில் கெரில்லாக்கள் இதைத் தின்றுதான் உயிர் வாழ்ந்தார்களாம். பக்கத்தில் ஒரு ஜெர்மன்காரர் பயபக்தியோடு போட்டோ எடுக்கிறார். குனிந்து பார்த்தால் நம்ம மரச்சீனி! தொட்டுக்கொள்ள மீன்கறி இல்லை, வேர்க்கடலைப் பொடியும் உப்பும் சர்க்கரையும்.

எனக்குப் பிடிபட நாளானது அவர்கள் நேரம்தான். விடிகிற நேரத்திலேயே சூப் கடையில் கூட்டம், நம்ம பிள்ளைகள் உட்காருகிற உயரத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு பெரிய ஆட்கள் குந்தியிருப்பார்கள். மத்தியானம் போனால் கடைக்காரர் கடைக்குள்ளேயே தூங்குகிறார், எழுப்பி விலை கேட்கலாமா கூடாதா என்று நான் வாசலில். ஒன்று முக்கியம்: நமக்கு ஐப்பசி மழை பெய்கிற சமயம்தான் நடு வியட்நாமில் ஹோய் ஆன், ஹுவே ஊர்ப் பக்கமும் மழை, வெள்ளம்கூட வரும். அந்தப் பக்கம் முன்பணம் எதுவும் கட்டாதே.

தக்கலை_அக்கா:
தம்பி, பேச்சைப் பற்றி நான் சொல்கிறேன். அங்கே பார்த்ததும் வயசைக் கேட்பார்கள். என் அறையில் இருந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கு அது பிடிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, வயசு தெரியாமல் அக்காவா தங்கச்சியா என்று எப்படிக் கூப்பிடுவது? அவர்களுக்கு நான், நீ என்பதற்கே அண்ணன், அக்கா, தம்பி என்கிற மாதிரிச் சொற்கள்தான். "சாப்பிட்டாச்சா" என்று விசாரிக்கிற வழக்கமும் உண்டு. வார்த்தை புரியாவிட்டாலும் தொனி புரிந்துவிடும்.

நான் சைவம். முதல் நாள் "சாய்" என்று பலகை பார்த்ததும் சாயா கிடைக்கும் என்று உள்ளே ஓடினேன், வந்தது சோறும் டோஃபுவும். அங்கே சாய் என்றால் சைவம்! அமாவாசை, பௌர்ணமி கணக்கில் புத்த மதத்தவர் நிறையப் பேர் அன்றைக்கு சைவம்தான் சாப்பிடுவார்கள், அந்தக் கடைகளில் கூட்டம் நெரியும். உனக்கு மாடு வேண்டாம் என்றால் இதை மட்டும் மனப்பாடம் செய்: ஃபோ என்பது நூடுல்ஸ் சூப், போ என்றால் மாடு, கா என்றால் கோழி. ஃபோ கா கேள், அவசரத்தில் ஃபோ போ என்று உளறாதே.

ஐந்தாம் நாள் எனக்குக் காரணமில்லாமல் அழுகை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஹோ சி மின் நகரில் ட்ருவாங் தின் தெருவில் மாரியம்மன் கோவில் இருக்கிறது, தமிழர்கள் கட்டியது. அங்கே போனேன், இரண்டு வார்த்தை தமிழ் பேச ஆள் கிடைக்கும் என்று. உள்ளே முழுக்க வியட்நாம்காரர்கள், கையில் ஊதுபத்தி, சிலர் கல் சுவரில் நெற்றியை வைத்து மெதுவாக வேண்டுதலைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தமிழ் தெரிந்தவள் அம்மன் ஒருத்திதான். நானும் சுவரில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்தேன்.

வடசேரி_பையன்:
அக்கா, அண்ணன்மாரே, ரொம்ப நன்றி. ஹோய் ஆனைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன், மழையைப் பார்த்து முடிவு செய்கிறேன். இன்னொரு சந்தேகம்: அம்மா பாம்பை மறந்துவிட்டு இப்போது ஒரு கிலோ நெத்தலிக் கருவாடு பொதிந்து வைத்திருக்கிறாள். கொண்டு போகலாமா?

குளச்சல்காரன்:
ஏழு கிலோதான் கைப்பை, அதில் ஒரு கிலோ கருவாடா? எட்டுப் பேர் படுக்கிற அறையில் முதல் ராத்திரியே உன்னை வெளியே படுக்க வைத்துவிடுவார்கள். அங்கே சந்தையில் கருவாடு மலை மாதிரி குவித்துப் போட்டிருப்பான், நீ திரும்பி வரும்போது அம்மாவுக்கு அரைக் கிலோ வாங்கி வா.