கிளிங்கன்களின் நெற்றி ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

கேள்வி (கும்பகோணம்):
இந்தக் கோடை விடுமுறையில் நானும் என் மகளும் ஸ்டார் ட்ரெக் என்னும் அமெரிக்க விண்வெளிக் கதைத் தொடர்களை முதலிலிருந்து பார்த்து வருகிறோம். 1967இல் வந்த கதையில் கிளிங்கன் என்னும் வேற்றுக்கிரக இனத்தின் தளபதி கோருக்குக் கருமைப் பூச்சும் தாடி மீசையும்தான் வேடம். நெற்றி நம்முடையதைப் போல வழவழப்பாகவே இருக்கிறது. 1994இல் டீப் ஸ்பேஸ் நைன் தொடரில் அதே கோராக, அதே நடிகர் ஜான் கோலிகோஸ் கிழவராக வரும்போது, நெற்றியில் வரப்பு வரப்பாக எலும்பு புடைத்து நிற்கிறது. மகள் காட்சியை நிறுத்தி, திரையில் அந்த நெற்றியை உள்ளங்கையால் மறைத்து, "கண்ணைப் பார்த்தால் அவரேதான் அப்பா" என்றாள். இதற்குக் கதைக்குள் விளக்கம் உண்டா, காசுப் பற்றாக்குறை மட்டும்தானா?

பதில் 1 (மயிலாடுதுறை):
தொடக்கம் காசுதான் ஐயா. 1979இல் திரைப்படம் எடுத்தபோது கையில் பணம் இருந்தது. முதுகெலும்பு மூக்கிலிருந்து உச்சந்தலைக்கு ஏறியதைப் போன்ற ஒற்றை மேட்டை வைத்தார்கள். 1987இல் தொடங்கிய தொடரில் மைக்கேல் வெஸ்ட்மோர் ஒப்பனைப் பொறுப்பேற்ற பிறகு, வோர்ஃப் என்னும் கிளிங்கன் பாத்திரம் ஒருவரின் நெற்றியே முதல் பருவத்துக்கும் அடுத்ததற்கும் வேறுபட்டது. சிக்கல் முற்றியது 1996இல்தான். டீப் ஸ்பேஸ் நைன் தொடரில், 1967இல் வந்த வேறொரு பழைய கதையின் காட்சிகளுக்குள் புதிய பாத்திரங்களை ஒட்டிச் சேர்த்ததால், புடைத்த நெற்றியும் வழவழத்த நெற்றியும் ஒரே விடுதியில் அடுத்தடுத்து நின்றன. நண்பர்கள் மரபணு மாற்றமா, வைரஸா என்று துருவ, வெளியாரிடம் அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை என்று வோர்ஃப் வாயை மூடிக்கொண்டார். 2005இல் எண்டர்பிரைஸ் தொடர் அந்த இரண்டு ஊகங்களையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு, மரபணுச் சோதனையிலிருந்து பரவிய நோயே காரணம் என்று இரண்டு பகுதிகளில் கதை சொன்னது.

பதில் 2 (மெலட்டூர்ப் பக்கம்):
அந்த 2005 விளக்கம் வேண்டாத வேலை என்பது என் கருத்து. எங்கள் ஊர் இரணிய நாடகத்தில் என் தாத்தா இரணியன் வேடம் கட்டியவர். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துக்கு அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துக் கனமாகப் பூசுவார். டியூப்லைட் வந்த ஆண்டு அதே பூச்சு வெளிறிய மஞ்சளாகத் தெரிந்ததால், புருவத்தையும் மீசையையும் இரு மடங்கு தடிப்பாக எழுதிக்கொண்டார். முன்னிரவில் ஒருவரும் பின்னிரவில் வேறொருவரும் இரணியனாக வந்தாலும், முகம் ஏன் மாறிற்று என்று விடிய விடியப் பாயில் உட்கார்ந்திருந்த யாரும் கேட்டதில்லை. சிறிய தொலைக்காட்சிப் பெட்டிக்குப் போதுமான பூச்சு பெரிய திரைக்குப் போதாமல் போனதும் இதே கதைதான். வோர்ஃபின் மௌனத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

பதில் 3 (திருவாரூர்):
மெலட்டூர் நண்பருடன் பாதிதான் உடன்படுகிறேன். நாடகத்தில் ஓர் இரவோடு கதை முடிகிறது. இங்கே பார்வையாளர்கள் பழையதை மீண்டும் போட்டுப் பார்க்கிறார்கள். ஆனால் ட்ரில் என்னும் இன்னொரு வேற்றுக்கிரக இனத்தைப் பாருங்கள்: 1991இல் நெற்றி மேட்டோடு வந்தார்கள், 1993இல் ட்ரிலாக நடித்த டெர்ரி ஃபாரெலின் முகத்துக்கு அந்த மேடு பொருந்தவில்லை என்று எடுத்துவிட்டு, நெற்றியோரத்திலிருந்து கழுத்து வரை புள்ளிகளை வைத்தார்கள். ஒரு வரி விளக்கமும் இல்லை, பெரிய சண்டையும் இல்லை. கிளிங்கன்களை 2017இல் முடியே இல்லாமல் மொட்டையாக்கி, 2019இல் முடியைத் திரும்பக் கொடுத்ததற்குத்தான் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. வோர்ஃபின் பதிலை மகளிடம் சொன்னேன், ஏற்றுக்கொண்டாள். இப்போது 1966இல் வழவழத்த நெற்றியோடு வந்த ரோமுலன் என்னும் வேற்றுக்கிரக இனத்தாருக்குப் பின்னாளில் மேடு முளைத்ததைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். 2020இல் வந்த பிக்கார்ட் தொடர், மேடு உள்ளவர்கள் வடக்கத்தியர் என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டதாகப் படித்துக் காட்டினேன். "நம்ம ஊர்க்காரர் யாரோ எழுதியிருக்கிறார்" என்கிறாள்.