பைப்பைக் கண்டாலே சுற்றும் குதிரையை எப்படிக் குளிப்பாட்டுவது?

பாலிக்பூலாவ்_பையன்:
எங்கள் மாமா ரேஸிலிருந்து ஓய்வு பெற்ற குதிரை ஒன்றை வாங்கித் தோட்டத்தில் கட்டியிருக்கிறார். அவருக்கு முட்டிவலி, அதனால் குளிப்பாட்டும் வேலை என் தலையில். பைப்பைத் திறந்தாலே பின்பக்கத்தைத் திருப்பிக்கொண்டு வட்டமடிக்கிறது. வேர்த்தால் சோப்பு போட்ட மாதிரி வெள்ளை நுரை வருகிறதே, அதற்குத் தினமும் ஷாம்பு போடணுமா? வீட்டு ஷாம்பு ஆகுமா? முதுகில் சின்னச் சின்னப் பொருக்கு வேறு, தொட்டால் முடிக்கொத்தோடு உரிந்து வருகிறது.

பழைய_சைஸ்:
தம்பி, நான் பினாங்கு பத்து கந்தோங் குதிரைப் பந்தயத் திடலில் சைஸாக, அதாவது குதிரை பராமரிப்பவனாக இருந்தவன். என் அப்பாவும் அங்கேதான். ரேஸ் குதிரைக்குக் குளியல் புதுசே இல்லை, காலையில் ஓடி முடித்ததும் தண்ணீர்தான். அதனால் உங்கள் குதிரை பயப்படுவது தண்ணீருக்காக இருக்காது, நீங்கள் எங்கே தொடங்குகிறீர்கள் என்பதைப் பாருங்கள். எடுத்த எடுப்பில் முதுகில் பீய்ச்சினால் எதுவும் சுற்றத்தான் செய்யும்.

வெயிலில் கிடந்த பைப்பில் முதலில் வருவது வெந்நீர். அதைத் தரையில் வடித்துவிடுங்கள், அந்தச் சத்தத்துக்கும் குதிரை பழகிக்கொள்ளும். தோள் பக்கமாக நில்லுங்கள், நேர் பின்னால் போகவே கூடாது. ஒரு கை அதன் கழுத்தில் இருக்கட்டும். முன்னங்கால் குளம்பில் தொடங்கி, முட்டி, தோள் என்று மெல்ல மேலே வாருங்கள். குதிரைக்குப் பிடித்துவிட்டால் தலையைத் தாழ்த்தும், கீழுதடு தொங்கும், பெருமூச்சு ஒன்று விடும். அதற்கு அப்புறம்தான் முதுகு. கயிற்றை ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். கையில் சுற்றிக்கொள்ளும் வேலையே வேண்டாம்.

நுரை அழுக்கில்லை. குதிரை வேர்வையில் லாத்தரின் என்ற புரதம் இருக்கிறது, தேய்ந்தால் நுரைக்கும். எண்ணெய்ப்பசையுள்ள முடியில் வேர்வை பரவி உடம்பு ஆறுவதற்கு அது உதவி. வெறும் தண்ணீரே போதும், ஆனால் கட்டாயம் கழுவணும். உப்பு காய்ந்துவிட்டால் சேணம் உட்காரும் இடமும் வயிற்றுவார் போகும் இடமும் அரிக்கும். ஷாம்புவை எப்போதாவது போடுங்கள், அதுவும் குதிரைக்கென்று விற்பதை. தினமும் போட்டால் முடியின் எண்ணெயெல்லாம் போய்விடும். அலசும்போது முடிக்கு எதிராக விரலை விட்டுப் பாருங்கள், வழுவழுப்பு இருந்தால் இன்னும் தண்ணீர் வேண்டும். முடிந்ததும் உடம்பில் நிற்கும் தண்ணீரை ஸ்க்ரேப்பரால் (தண்ணீர் வழிக்கும் கருவி) நன்றாக வழித்துவிடுங்கள்.

சுங்கைபீசி_ரைடர்:
ஐயா சொல்வதில் ஒன்று மட்டும். ஓடிவந்து உடம்பு கொதிக்கும் நேரத்தில் வழிப்பதற்காக நிறுத்த வேண்டாம், குளிர்ந்த தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றிக்கொண்டே இருங்கள். சூட்டோடு ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்பது பழைய பேச்சு. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் வெக்கையை எண்ணி முன்கூட்டியே செய்த ஆய்வுகள், குளிர்ந்த நீரால் குதிரைக்குக் கெடுதல் இல்லை என்று காட்டின. கோலாலம்பூர் புழுக்கத்தில் வேர்வை சரியாக ஆவியாகாது, குதிரையின் சூட்டைத் தண்ணீர்தான் வாங்கணும். அதோடு, நன்றாக ஓடியும் வேர்க்கவே இல்லையென்றால் அன்றைக்கே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். நம் ஊர்ச் சூட்டில் சில குதிரைகளுக்கு வேர்ப்பதே நின்றுவிடும்.

பழைய_சைஸ்:
ஓடிவந்த குதிரைக்கு அதுதான் சரி, மறுக்கவில்லை. நான் சொன்னது கடைசி வழிப்பு. ஈரத்தோடு லாயத்தில் கட்டினால்தான் தம்பி கேட்ட பொருக்கு வரும். அது பெரும்பாலும் தோலில் வரும் பாக்டீரியா நோய், ஈரம் தங்கினால் பரவும். காய்ந்த பொருக்கைப் பிய்க்காதீர்கள், வலிக்கும். வைத்தியரிடம் காட்டினால் பெரும்பாலும் குளோர்ஹெக்ஸிடின் கலந்த ஷாம்பு தருவார். போட்டதும் அலசிவிடாமல் சுமார் 10 நிமிடம் ஊறவிட்டு அப்புறம் அலசணும். பிறகு காற்றோட்டமான நிழலில் நன்றாகக் காயட்டும். அந்தக் குதிரைக்குப் போட்ட பிரஷ்ஷும் துணியும் வேறு குதிரைக்குப் போகவே கூடாது.

பாலிக்பூலாவ்_பையன்:
நன்றி ஐயா, நன்றி ரைடர். முகத்துக்கும் வாலுக்கும்?

பழைய_சைஸ்:
முகத்துக்குப் பைப் வேண்டாம். ஸ்பான்ஞ்சைப் பிழிந்து துடையுங்கள், காதுக்குள் தண்ணீர் போகக்கூடாது. வாலுக்குத் தொடைப் பக்கமாக நின்று, வாலை உங்கள் பக்கம் இழுத்து வாளிக்குள் விட்டு அலசுங்கள். வாலடிக்கு வேறு ஸ்பான்ஞ்ச், அதை மறந்தும் முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். காலைத் தூக்கும்போதே குளம்பின் அடியையும் சுத்தம் பண்ணி மோந்து பாருங்கள். அழுகல் நாற்றம் வந்தால் நிற்கும் இடமே ஈரம் என்று அர்த்தம், மாமாவிடம் சொல்லி முதலில் தரையைச் சரிபண்ணச் சொல்லுங்கள்.