'பிளாக் டைம்': தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

விமானப் பயணிகளுக்கான செயலி ஒன்றைத் தமிழாக்கி வெள்ளிக்குள் கொடுக்க வேண்டும். மாதிரிப் பக்கம் சிங்கப்பூர் சாங்கி – நியூயார்க் கென்னடி. தூரம், பறக்கும் நேரம், 'பிளாக் டைம்' என்று மூன்று கட்டங்கள். மூன்றாவதில்தான் சிக்கல். சக்கரக் கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, சேருமிடத்தில் மறுபடி கட்டை போடும் வரை உள்ள நேரம் அது. அட்டவணையில் அச்சாகும் 18 மணிச் சொச்சம் இதுதான். பழைய கோப்பில் 'தொகுதி நேரம்' என்று இருக்கிறது. கட்டை எங்கே, தொகுதி எங்கே! நல்ல சொல் தாருங்கள்.
– மொழிபெயர்ப்பாளர்

அன்புடையீர்,
சொல் நம் தேரடியிலேயே கிடக்கிறது. தேர்ச்சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் மரத்தை முட்டுக்கட்டை என்கிறோம். விமானத்துக்குக் கொடுப்பதும் அதே வேலைக்குத்தான். 'முட்டுவிடு நேரம்' என்று வினைத்தொகையாக ஆக்கலாம். முட்டு என்பது ஆழமான வேர். கன்னியாகுமரிப் பக்கத்து முட்டம் என்ற ஊர்ப்பெயரிலும் அதுவே இருக்கிறது, நிலம் கடலில் போய் முட்டுமிடம் என்பது என் துணிபு.
– தஞ்சைத் தமிழாசிரியர்

ஐயா, வணக்கம்.
என் வகுப்புப் பிள்ளைகளுக்கு முட்டுக்கட்டை என்றால் தடை மட்டுமே. பயணச்சீட்டில் அதைப் பார்த்தால் தாமதம் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஒரு நிலைய வாயிலிலிருந்து மறு நிலைய வாயில் வரை என்ற பொருளில் 'வாயிலிடை நேரம்' போதுமே? 'தூரம்' என்று மொட்டையாகப் போடுவதும் தவறு. 15,350 கி.மீ. என்பது பெருவட்டத் தூரம், அதாவது பூமிப்பந்தின் மேல் இரண்டு இடங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய தூரம். சாங்கி 104 பாகை கிழக்கு, கென்னடி 74 பாகை மேற்கு, கூட்டினால் 178. ஏறக்குறைய நேர் எதிர்ப்பக்கம், அதனால் மிகக் குறுகிய கோடு வடதுருவத்தை ஒட்டிப் போகிறது. விமானமோ பலநாள் மேற்குக் காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு பசிபிக் வழியே போகிறது. வழி நீளும், நேரம் குறையும். 'பெருவட்டத் தூரம்', 'பறந்த தூரம்' என இரண்டு சொல் வேண்டும்.
– சிங்கப்பூர் ஆசிரியை

அம்மா சொன்ன தூரக் கணக்கு சரி. பறக்கும் நேரத்தை எங்கள் பக்கம் 'பறப்பு நேரம்' என்றே எழுதுவோம், அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்தை நேரத்தால் அளந்தவர்கள் நாம். ஒரு நாழிகையில் நடக்கும் தொலைவு நாழிகைவழி. 18 மணி என்றால் 45 நாழிகை.
– யாழ்ப்பாணம்

மகளே, 'இடை' ஏழாம் வேற்றுமை உருபு. வாயிலிடை என்றால் 'வாயிலில்' என்றாகும். அது விமானம் நிற்கும் நேரம், ஓடும் நேரம் அன்று.
– தஞ்சை

ஐயா, ஒப்புகிறேன். அப்படியானால் 'வாயில்–வாயில் நேரம்'.
– சிங்கப்பூர்

அனைவருக்கும் நன்றி. நால்வர் 'வாயில்–வாயில் நேரம்' என்றீர்கள். அதையே இட்டு நேற்றிரவு அனுப்பிவிட்டேன். பெருவட்டத் தூரமும் பறப்பு நேரமும் அப்படியே ஏறின.
– மொழிபெயர்ப்பாளர்

தம்பி, காலக்கெடுவுக்கு என்ன செய்ய முடியும், சரி. ஆனால் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய்த் திடலில் நிற்கும் விமானத்தில் ஏற்றுகிறார்களே, அங்கே வாயில் ஏது? கட்டை அங்கேயும் உண்டு. அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி எழுதுகிறேன்.
– தஞ்சை