மலைக் கள்ளி அடியில் அழுகுகிறது, காப்பாற்ற வழி உண்டா?

கேள்வி (சுங்கை சிப்புட், மலேசியா):
எல்லாருக்கும் வணக்கம். இங்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் 28 வருஷம் பால் வெட்டியவன் நான். இப்போது தாமான் (குடியிருப்பு) வீட்டில் சும்மா இருக்கும் கைக்குக் கள்ளிச் செடிதான் வேலை. பீடியோகாக்டஸ் சிம்ப்சோனி என்ற மலைக் கள்ளி ஒன்று, எலுமிச்சம்பழ அளவு, இணையத்தில் வாங்கினேன். ‘பனியே தாங்கும்’ என்றார் விற்றவர். பனி தாங்குமாம், நம்ம ஊர்ப் புழுக்கம் தாங்கவில்லை. மூன்றே மாதத்தில் ஒரு பக்கம் மஞ்சளாகி, அடியைத் தொட்டால் பழுத்த சிக்குப் பழம் (சப்போட்டா) மாதிரி அமுங்குகிறது. குளிர் கேட்கிறதோ என்று ராத்திரியில் ஐஸ் பெட்டியில் (ஃபிரிட்ஜில்) வைத்தேன். காலையில் கீரை எடுக்கப் போன வீட்டுக்காரம்மா கையில் முள் ஏறி, செடியோடு என்னையும் வெளியே அனுப்பிவிட்டாள்.

பதில் (ஈப்போ):
அண்ணே, ஐஸ் பெட்டி வேண்டவே வேண்டாம். இது அமெரிக்காவின் கொலராடோ, யூட்டா, வயோமிங் மலைச்சரிவுச் செடி. குளிர்காலம் வந்தால் உடம்புத் தண்ணீரைக் குறைத்துச் சுருங்கி, மண்ணோடு மண்ணாகப் பதுங்கிவிடும். அதனால்தான் உறைபனியில் பிழைக்கிறது. உங்களுடையது தண்ணீர் குடித்து உப்பியிருக்கிறது. அப்புறம், கள்ளி மூச்சுத் துளையைத் திறப்பது ராத்திரியில்தான், அதுவும் குளிர்ந்தால்தான் நன்றாகத் திறக்கும். நம்ம ராத்திரியில் அந்தக் குளிர் எங்கே? (கிரேக்கத்தில் ‘பீடியோன்’ என்றால் சமவெளியாம். மலைச்செடிக்கு வைத்த பெயரைப் பாருங்கள்!)

பதில் (கேமரன் மலை):
இங்கேயே எனக்கு இரண்டு அழுகின. குளிர் இருந்து என்ன, ஈரம் விடவில்லை. இனி மண்ணில் வைக்காதீர்கள், டிராகன் பழத் தண்டில் ஒட்டுக் கட்டிப் பாருங்கள். கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, அடியிலிருந்து மெல்லிய வில்லையாகச் சீவிக்கொண்டே வாருங்கள். நடுவில் ஒரு வளையம் தெரியும். அதில் பழுப்பு இருக்கும்வரை நிறுத்தாதீர்கள், ஒவ்வொரு சீவலுக்கும் கத்தியைத் துடையுங்கள். டிராகன் பழத் தண்டின் நுனியை வெட்டினால் அதிலும் அதே மாதிரி வளையம் இருக்கும். இரண்டும் தொட்டுக்கொள்ளும்படி வைத்து ரப்பர் வளையம் மாட்டுங்கள். பத்து நாள் நிழல், வெட்டில் தண்ணீர் படக்கூடாது. பால் வெட்டிய கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

கேட்டவர்:
நாலாவது சீவலில்தான் வளையம் வெள்ளையாக வந்தது. மிஞ்சியது 50 காசு அகலம். கட்டி, துணி காயப்போடும் கொட்டகையில் வைத்திருக்கிறேன். சீவிய துண்டுகளை வீட்டுக்காரம்மாவே கூட்டி அள்ளினாள், கையில் உறை மாட்டிக்கொண்டு.